பந்தாட்டத்தில் நிர்மாண வேலை

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 18-ந் தேதியன்று டாக்கா நகரில் நமது தேசத்தின் கால்பந்து அணி வங்காள தேச அணியிடம் ஒரு கோல் கணக்கில் தோற்றுப் போயிற்று. அந்த அணியிடம் 22 வருஷ காலமாக நாம் தோற்றதில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, கோவாவில், நம் சொந்த மண்ணில், முதல் கோலை நாமே போட்டும் சிங்கப்பூரிடம் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்று, 2027-ம் வருஷத்து ஆசியக் கோப்பைப் போட்டியில் ஆடும் தகுதியை இழந்திருந்தோம். பட்ட காலிலே படும் என்னும் பழமொழி, காலால் ஆடும் ஆட்டத்திலேயே மெய்யாயிற்று.

இதைக் கண்டு அபிமானிகள் கொதித்தெழுந்தது இயல்பே. பயிற்சியாளரை உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றனர் சிலர். ஆட்டக்காரர் அனைவரையும் நீக்கிப் புதியவர்களைச் சேர்க்க வேண்டும் என்றனர் வேறு சிலர். இந்தத் தேசத்துக்குக் கால்பந்தே வேண்டாம், கிரிக்கெட் ஒன்றே போதும் என்று கைகழுவியவர்களும் உண்டு. இந்தக் கோபத்தை நாம் குறை கூற மாட்டோம். தன் அணி தோற்றபோது மனம் நோகாதவன் அபிமானியே அல்லன். ஆனால் கோபத்தில் எழுதிய தீர்ப்பு அப்பீலில் நிற்பதில்லை. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அணிக்கு நாம் எதைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்? அதை நடத்துவோரிடம் எதைக் கேட்க உரிமை பெற்றிருக்கிறோம்? இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல விரும்புவது.

பொதுவாழ்வில் ஈடுபட்ட நமது வாசகர்களுக்கு இது புதிய விஷயமன்று. 1922-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், சௌரி சௌராவில் நேர்ந்த சம்பவத்துக்குப் பின் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டபோது, எல்லாம் போயிற்று என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர் பலர். காந்தியடிகளோ கதர், தீண்டாமை ஒழிப்பு, ஹிந்து முஸ்லிம் ஒற்றுமை என்னும் நிர்மாண வேலைகளில் தொண்டர்களின் கருத்தைத் திருப்பினார். அந்த வேலையில் ஊர்வலமில்லை, ஆரவாரமில்லை, பத்திரிகைகளில் கொட்டை எழுத்துத் தலைப்புமில்லை. ஆயினும் 1930-ம் வருஷம் உப்பெடுக்கத் தண்டிக்கு நடந்த கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள், ஆசிரமத்தில் அந்த வேலையிலே பழகியவர்கள்தாம். சுதந்திரப் போரையும் பந்தாட்டத்தையும் ஒரே தராசில் நிறுக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். விழுந்த கூட்டத்தை எழுப்பி நிறுத்துவதற்கு வேண்டிய குணம் எங்கும் ஒன்றே என்று மாத்திரம் கூறுகிறோம்.

நம் தேசத்துப் பந்தாட்டத்தின் தலையாய கீர்த்தியும் அந்தக் குணத்தினாலே வந்ததுதான். கல்கத்தாவில் மோகன் பகான் சங்கம் தோன்றியது 1889-ம் வருஷத்தில். அச்சங்கத்தார் 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதியன்று ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்றாக வென்றனர். பதினொருவரில் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர் என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஒரு மாலைப்பொழுதுக்கு முன்னே 22 வருஷங்கள் இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம்.

ஹெல்சிங்கியும் ஜகார்த்தாவும்

இன்று பொறுமையிழந்து நிற்போர் ஒவ்வொருவரும் 1952-ம் வருஷத்துச் சம்பவத்தைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய வருஷம் புது டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், மேவாலால் போட்ட ஒரே கோலினால் இரானை வென்று, நமது அணி தங்கப் பதக்கம் பெற்றிருந்தது. ஆசியாவின் வெற்றி வீரர்கள் என்னும் பெயருடன் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போன நமது அணியை, முதல் ஆட்டத்திலேயே யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்றாகத் தோற்கடித்தது. வடதேசத்துக் குளிரில் நம்மவரிற் பலர் வெறுங்காலுடன் ஆடினர். வங்காள தேசத்திடம் ஒரு கோலில் தோற்றது அவமானமென்றால், பத்துக் கோல் வாங்கியதை என்னவென்று சொல்வது?

அந்த அணியைப் பழக்கி அழைத்துச் சென்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸையது அப்துல் ரஹீம். பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியையும் தயார் செய்தவர். ஹெல்சிங்கியோடு அவருடைய கதை முடிந்தது என்று அன்று எவரேனும் எழுதியிருந்தால், அதை மறுக்க நம்மிடம் ஒரு நியாயமும் இருந்திராது. ஆனால் தோல்வியிலிருந்து பாடம் கற்கப்பட்டது. இனி நமது வீரர்கள் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. அதன் பயன் மறுநாளே கிடைத்துவிடவில்லை. 1954-ம் வருஷம் மணிலாவில் நடந்த ஆசியப் போட்டியில் முதற் சுற்றைக்கூட நாம் தாண்டவில்லை.

1956-ம் வருஷம் ரஹீம் மீண்டும் ஓர் அணியை மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றார். நெவில் டிஸௌஸா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நான்குக்கு இரண்டாக வென்றோம். அரையிறுதியில் எதிர்ப்பட்டது அதே யூகோஸ்லாவியா. முதற் கோலைப் போட்டது நமது அணி. முடிவில் நான்குக்கு ஒன்றாகத் தோற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை சென்ற முதல் ஆசிய தேசம் நம்முடையதே. பத்துக்கு ஒன்று என்பது நான்குக்கு ஒன்று ஆவதற்கு நான்கு வருஷம் பிடித்தது. ஓர் அணி வளர்கிறதா என்பதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை. பலகையில் எழுதிய முடிவைப் பார்த்தால் இரண்டும் தோல்வியே. ஆட்டத்தைப் பார்த்தவனுக்கோ முதலாவது வீழ்ச்சி, இரண்டாவது எழுச்சி.

மெல்போர்னுக்குப் போனபோது பி.கே. பானர்ஜிக்கு வயது 20. அவரும், துளசிதாஸ் பலராமும், பந்து காக்கும் பீட்டர் தங்கராஜும் அங்கே போன இளைஞர்கள். 1958-ல் டோக்கியோவிலும் 1960-ல் ரோமாபுரியிலும் நமது அணி பதக்கமின்றியே திரும்பியது. அப்பொழுதும் அவ்விளைஞர்கள் ஒதுக்கப்படவில்லை. 1962-ம் வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூவரும் இருந்தனர். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இரண்டு கோலில் தோற்றோம். பத்து நாளைக்குள், செப்டம்பர் 4-ந் தேதியன்று, இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்றாக வென்று தங்கம் பெற்றோம். ஒரு கோல் பானர்ஜியுடையது. மற்றொன்று ஜர்னெயில் சிங்குடையது. ஜர்னெயில் சிங் பின்வரிசையில் தடுத்து ஆடுபவர். தலைக் காயத்தில் தையலுடன் இருந்த அவரை முன்வரிசையில் நிறுத்தி ஆடவிட்டவர் ரஹீம். அரங்கத்துக் கூட்டமோ நமக்கு விரோதமாகக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. ஹெல்சிங்கிக்கும் ஜகார்த்தாவுக்கும் இடையே பத்து வருஷம். அந்தப் பத்து வருஷம் கொடுக்கப்பட்டிராவிட்டால் அந்தத் தங்கம் இல்லை.

காத்திருந்த ஜப்பான்

ஜகார்த்தாவில் நம்மிடம் இரண்டு கோலில் தோற்ற அணிகளுள் ஒன்று ஜப்பான். அதன் பிற்காலத்துக் கதை நமக்கு வெட்கத்தையும் வழியையும் ஒருங்கே காட்டுவது. ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்னும் ஆசானை 1960-ம் வருஷத்தில் வரவழைத்து அஸ்திவாரத்திலிருந்து பழகத் தொடங்கினர். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றனர். பின்னர் நீண்டகாலச் சோர்வு. அதைப் போக்க 1993-ம் வருஷம் ஜே லீக் என்னும் தொழில்முறைப் போட்டியை ஆரம்பித்தனர். அதே வருஷம் அக்டோபர் 28-ந் தேதியன்று தோஹாவில் இராக்குடன் ஆடிய கடைசித் தகுதி ஆட்டத்தில், வெற்றி கையிலிருக்கும்போது, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலைக் கொடுத்துவிட்டு, உலகக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தனர். 1998-ம் வருஷம் முதல் தடவையாக உலகக் கோப்பைக்குச் சென்றபோது மூன்று ஆட்டத்திலும் தோற்றனர்.

நம் நாடாயிருந்தால் அத்துடன் கடையைக் கட்டியிருப்போம். ஜப்பானியர் லீக்கையும் விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சியையும் விடவில்லை. 1998 முதல் 2026 வரை ஒரு உலகக் கோப்பைக்கும் அவர்கள் தகுதி பெறத் தவறியதில்லை. தோஹாவில் அன்று கண்ணீருடன் களத்தில் நின்றவர்களுள் ஒருவர் ஹாஜிமே மொரியாஸு. அவர் பின்னாளில் தேசிய அணியின் பயிற்சியாளரானார். 2021-ம் வருஷம் தகுதிப் போட்டியின் தொடக்கத்தில் சொந்த மண்ணில் ஓமனிடமும், பின்னர் ஸவூதி அரேபியாவிடமும் அவரது அணி தோற்றபோது, அவரை நீக்கும்படி ஜப்பானிலும் கூக்குரல் எழுந்தது. சங்கத்தார் அசையவில்லை. அடுத்த வருஷம் அதே கத்தார் நாட்டில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் அவருடைய அணி தோற்கடித்தது.

பொறுமை வேறு, மறதி வேறு

இவ்விடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். "1950-ம் வருஷத்து உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் நாம் போகவில்லை. அன்று முதல் எழுபது வருஷத்துக்கு மேல் பொறுத்தாயிற்று. இன்னும் எத்தனை காலம் பொறுப்பது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நாம் தட்டிக் கழிக்கப் போவதில்லை. நமது விடை இது: எழுபது வருஷமும் நாம் பொறுத்திருக்கவில்லை, பெரும்பாலும் மறந்திருந்தோம். பொறுத்திருப்பவன் விதைத்த நிலத்தைத் தினமும் போய்ப் பார்க்கிறான். மறந்தவன் அறுவடை நாளில் மாத்திரம் அரிவாளுடன் வந்து, கதிரைக் காணோமே என்று கூவுகிறான்.

ரஹீம் 1963-ம் வருஷத்திலேயே காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ஏற்பாடு இல்லை. அவர் ஆக்கி வைத்த வீரர்களின் பலத்தால் 1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாவதாக வந்தோம். 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் பெற்றோம். அத்துடன் கிணறு வற்றிற்று. ஒரு மனிதரிடம் வைத்த நம்பிக்கையை ஒரு ஸ்தாபனமாக மாற்றாத குற்றம் ஆட்டக்காரருடையதன்று.

சமீப காலத்து நிர்வாகத்தைப் பாருங்கள். 2022-ம் வருஷம் ஆகஸ்டில், வெளியார் தலையீடு என்னும் காரணத்தால் உலகக் கால்பந்துச் சம்மேளனம் நமது சம்மேளனத்தைச் சில நாட்கள் தள்ளி வைத்தது. 2024-ம் வருஷம் ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோலும் போடாமல் திரும்பினோம். அவ்வருஷம் ஜூனில் இகோர் ஸ்டிமாக் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ், கோவா சங்கத்தின் அணியையும் கூடவே பழக்கி வர அனுமதிக்கப்பட்டார். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்னும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் சம்மேளனத்தாரே. ஒரு வருஷத்தில் அவரும் விலகினார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். பதினான்கு மாதங்களுக்குள் மூன்று பயிற்சியாளர்! இதற்கிடையே, 2024-ல் விடைபெற்றுச் சென்ற சுனில் சேத்ரியை, 40-வது வயதில், 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தனர். அவ்வீரரின் தேசபக்தியை நாம் வணங்குகிறோம். ஆனால் அவருடைய இடத்தில் ஓர் இளைஞன் நின்று, தவறி, கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்கள் அவை. ஓய்வு பெற்றவரைத் திரும்ப அழைத்தது அவசரத்தின் அடையாளமேயன்றி நிர்மாணத்தின் அடையாளமன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2025-ம் வருஷம் செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய இந்தியன் ஸூப்பர் லீக், உரிமை ஒப்பந்தம் பற்றிய தகராறினால் அந்த வருஷம் முடியும் வரை தொடங்கவேயில்லை. ஆட்டமில்லாத ஆட்டக்காரனைத் தேசத்துக்காக ஆடச் சொல்வது, உழாத நிலத்தில் வரி கேட்பதைப் போன்றது. இத்தகைய நிலையிலும், காலித் ஜமீல் பதவியேற்ற சில வாரங்களிலேயே, மத்திய ஆசியச் சங்கங்களின் கோப்பைப் போட்டியில் தஜிகிஸ்தானை அதன் மண்ணில் வென்று, ஓமனைப் பெனால்டி உதைகளில் முறியடித்து, மூன்றாவது இடம் பெற்றது நமது அணி. பின்னர் சிங்கப்பூரும் டாக்காவும் நேர்ந்தன. இவற்றுள் எதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது? ஒன்றைக் கொண்டும் சொல்ல முடியாது. இன்னும் சாட்சி விசாரணை முடியவில்லை என்பதே உண்மை.

வாய்தாவுக்கு ஒரு விதி

நீதிஸ்தலங்களில் பழகியவர்கள் அறிவார்கள்: வாய்தா கேட்பவர் இரு வகைப்படுவர். வழக்கைத் தயார் செய்ய அவகாசம் வேண்டுபவர் ஒரு வகை. வழக்கே நடவாதிருக்க வேண்டுபவர் மற்றொரு வகை. நல்ல நீதிபதி முன்னவருக்குக் கொடுப்பார், பின்னவருக்கு மறுப்பார். கொடுக்கும்போதும் காரணத்தைக் கேட்டு, அடுத்த தேதியைக் குறித்தே கொடுப்பார். அபிமானிகளாகிய நாமும் அவ்விதமே நடக்க வேண்டும்.

பயிற்சியாளருக்கு வாய்தா கொடுக்கலாம். ஓர் ஆசியக் கோப்பையிலிருந்து அடுத்த ஆசியக் கோப்பை வரை நான்கு வருஷம் கொடுப்பது நியாயம். அதற்குள் ஓர் இரவின் முடிவைக் கொண்டு அவரைத் தூக்கிலிடலாகாது. தமக்குச் சமமான அணிகளிடம் அவருடைய ஆட்டம் வருஷத்துக்கு வருஷம் தேறுகிறதா என்பதைக் கொண்டே அவரை நிறுக்க வேண்டும். இளம் ஆட்டக்காரனுக்கும் வாய்தா உண்டு. இருபது வயதில் பந்தைத் தவறவிடுபவன், இருபத்தாறு வயதில் ஜகார்த்தாவில் கோல் போடலாம். அவனைப் பெயர் சொல்லி ஏசுவதும், அவன் குடும்பத்தை இழுத்துப் பேசுவதும், அவன் பிறந்த மாகாணத்தையும் மதத்தையும் கிண்டுவதும் தேசாபிமானமாகா, அவை கோழைத்தனம்.

நிர்வாகிகளுக்கோ வாய்தா இல்லை. லீக் எந்தத் தேதியில் தொடங்கும்? சிறுவர் போட்டிகள் எத்தனை ஜில்லாக்களில் வருஷந்தோறும் நடைபெறுகின்றன? வசூலான பணம் எங்கே செலவாயிற்று? அடுத்த நான்கு வருஷத்துத் திட்டம் என்ன? இவற்றுக்கு விடை சொல்ல ஒரு நாள் அவகாசமும் தேவையில்லை. ஆட்டக்காரனிடம் பொறுமையாகவும், அதிகாரியிடம் கண்டிப்பாகவும் இருப்பது முறை. நாம் செய்வது தலைகீழ். தோற்றவுடன் ஆட்டக்காரன்மேல் கல்லெறிகிறோம். நாற்காலியில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பதில்லை.

அபிமானிகளின் கடமை

கூட்டத்தாரின் கோபம் எவ்வளவு எளிதில் பிசகும் என்பதற்கு இங்கிலாந்திலும் உதாரணமுண்டு. மான்செஸ்டர் யுனைடெட் சங்கத்துக்கு அலெக்ஸ் பெர்குஸன் 1986-ம் வருஷம் வந்தார். மூன்று வருஷம் கழிந்தும் ஒரு கோப்பையும் இல்லை. 1989 டிசம்பரில், சமாதானம் சொன்னது போதும், போய் வாரும் என்னும் கருத்துப்பட அரங்கத்திலேயே பதாகை பிடித்தனர். சங்கத்தார் அவரை வைத்துக்கொண்டனர். அடுத்த ஆண்டு எப்.ஏ. கோப்பை வந்தது. 1993-ல், 26 வருஷத்துக்குப் பின், லீக் பட்டம் வந்தது. அவர் 2013-ல் ஓய்வு பெறுவதற்குள் அத்தகைய பட்டங்கள் பதின்மூன்று. பதாகை பிடித்தவர் கெட்டவரல்லர்; அவசரப்பட்டவர். வளரும் பிள்ளைகளை அவர் கவனிக்கவில்லை; பெர்குஸன் கவனித்துக்கொண்டிருந்தார்.

நம் நாட்டிலும் ஒரு நல்ல சம்பவம் உண்டு. 2018-ம் வருஷம் ஜூன் முதல் தேதியன்று பம்பாயில் நமது அணி சீனத் தைபேயை ஐந்து கோலில் வென்றபோது, பார்க்க வந்தவர் மூவாயிரம் பேர்கூட இல்லை. மறுநாள் சேத்ரி, ஏசுவதானாலும் அரங்கத்துக்கு வந்து எங்கள் முகத்துக்கு எதிரே ஏசுங்கள் என்று கைகூப்பி வேண்டிக்கொண்டார். கென்யாவுடன் ஆடிய அடுத்த ஆட்டத்தன்று, கொட்டும் மழையில், அரங்கம் நிறைந்திருந்தது. அவ்வேண்டுகோளின் உட்பொருளை நமது வாசகர்கள் யோசிக்க வேண்டும். அவர் புகழ்ச்சியைக் கேட்கவில்லை, வருகையைக் கேட்டார்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். அடுத்த ஆட்டத்துக்கு முன் நமது அணியில் 23 வயதுக்குட்பட்டவர் எத்தனை பேர் என்று எண்ணி வையுங்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி எண்ணுங்கள். உங்கள் ஊர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் ஆடினால், அரைமணி நேரம் போய் நில்லுங்கள். மைதானத்தில் கட்டிடம் எழுப்ப எவரேனும் வந்தால், எதிர்த்து மனுப் போடுங்கள். சம்மேளனத்தாரிடம் கணக்குக் கேளுங்கள். கிடைக்கும் வரை கேளுங்கள். இவ்வளவும் செய்தபின் தோல்வி வந்தால், அதைத் தாங்கும் வலிமை தானே வரும்.

டாக்காவில் ஒரு கோலில் தோற்ற அணி, ஹெல்சிங்கியில் பத்துக் கோல் வாங்கிய அணியின் சந்ததி. ஹெல்சிங்கிக்குப் பின் ஜகார்த்தா உண்டாயிற்று. டாக்காவுக்குப் பின் என்ன உண்டாகும் என்பது பதினொரு ஆட்டக்காரரை மாத்திரம் பொறுத்ததன்று. நிர்மாண வேலை நடக்கிறதா என்று நாம் விழித்திருந்து பார்ப்பதையும் பொறுத்தது.